லூப்பும் மாடி ரூமும்

புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு,

போன வாரம் டாக்டரம்மா போன் செய்தார். "செல்வி, உன் நாற்காலியில ரெண்டு பொண்ணுங்க வந்து உக்காந்திருக்காங்க. நல்ல பிள்ளைங்கதான். ஆனா வாயைத் திறந்தா பாடப் புத்தகம் மாதிரி பேசறாங்க. நீ ஏதாவது எழுதிக் குடேன்" என்றார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆயாவாகச் சேர்ந்தேன். டாக்டரம்மாதான் பயிற்சிக்கு அனுப்பி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை அறையில் உட்கார வைத்தார். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முண்டகக்கண்ணி அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கர்ப்பப்பை இருக்கிறதே, அதன் நெற்றியில் (நெற்றி என்று சொல்லலாமா தெரியவில்லை, மேல்பக்கத்தில்) ஒரு சிவப்புக் கறை இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அது குங்குமம். ஆயுத பூஜைக்கு எல்லாரும் அவரவர் சாமானுக்குப் பொட்டு வைத்தார்கள். ஆட்டோக்காரர் ஆட்டோவுக்கு வைத்தார், சமையல்காரர் கரண்டிக்கு வைத்தார். எனக்கு இருந்த ஆயுதம் அது ஒன்றுதான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கர்ப்பப்பைக்குப் பொட்டா செல்வி?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "நாம எல்லாரும் அங்கேருந்துதானே டாக்டர் வந்தோம்?" என்றேன். மறுவருஷம் அவரே சந்தனம் கொண்டு வந்தார்.

கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப்பை எப்படிப் போடுவது, எத்தனை வருஷம் தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பெண் காப்பர் டி வேண்டும் என்றோ ஹார்மோன் லூப் வேண்டும் என்றோ சொல்லும்போது, அவள் கர்ப்பப்பையை மட்டும் நினைத்துச் சொல்வதில்லை. ஒரு முழு வீட்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொல்கிறாள். இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு மாடி ரூம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். மந்தைவெளியில் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் மூஞ்சியில் புழுதியோடுதான் உள்ளே வருவார்கள். அந்தப் புழுதியிலும் ஒரு பெண் வெளுப்பாகத் தெரிந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன், வித்யா என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய வீடு. மாமனார், மாமியார், கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். ரொம்ப ஆசாரமான குடும்பம்.

மாசாமாசம் அவளுக்கு ரத்தப்போக்கு அதிகம். டாக்டரம்மா ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டார். கட்டி கிட்டி ஒன்றுமில்லை. ஆனால் உடம்பில் ரத்தம் குறைந்து, நகம் எல்லாம் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது குழந்தை வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம், தினமும் போடுகிற மாத்திரை மறந்துபோகும், நீண்ட நாளைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா இரண்டையும் எடுத்துச் சொன்னார். காப்பர் டியில் ஹார்மோன் கிடையாது, ரொம்ப வருஷம் வரும், ஆனால் மாதவிலக்கு இன்னும் அதிகமாகலாம், வலியும் கூடலாம். ஹார்மோன் லூப் என்றால் போகப் போக ரத்தம் குறையும், சிலருக்கு வருவதே நின்றுவிடும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டுமே கர்ப்பத்தை நன்றாகத் தடுக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். "உனக்கு ஏற்கெனவே குழாய் உடைஞ்ச மாதிரி போகுது. ஹார்மோன் லூப் நல்லதுன்னு எனக்குத் தோணுது. முடிவு உன்னோடதும்மா" என்றார்.

"காப்பர் டியே போட்டுடுங்கோ டாக்டர்."

"ஏம்மா?"

"காப்பர் டிதான்."

டாக்டரம்மா அவளை என் அறைக்கு அனுப்பிவிட்டு, இன்டர்காமில் என்னிடம், "கட்டாயப்படுத்தாதே. ஆனா ஏன்னு தெரிஞ்சாகணும். ஏற்கெனவே ரத்தம் இல்லாத பொண்ணு" என்றார்.

நானும் எனக்குத் தெரிந்த பயங்களை எல்லாம் கடை விரித்தேன்.

"உடம்பு போட்டுடும்னு பயமாம்மா?"

"இல்லக்கா. போட்டா நன்னாத்தான் இருக்கும்."

"முடி கொட்டும்னு யாராவது சொன்னாங்களா?"

"கொட்டறதுக்கு என்ன பாக்கி இருக்கு?"

"நின்னுட்டா ரத்தம் உள்ளேயே தங்கிடும்னு நினைச்சியா?"

"உள்ள அந்தச் சவ்வே மெலிசாயிடும், வெளில வர ஒண்ணும் இருக்காதுன்னு டாக்டர் சொன்னாளே. புரிஞ்சுது."

"வீட்டுக்காரர் ஏதாவது?"

"அவர் பாவம். எதைச் சொன்னாலும் சரிங்கறார்."

என் கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்படித் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கத்திரி வெயில்தான் சொல்லிக் கொடுத்தது. ஒரு கோடையில் பேசிப் பேசித் தொண்டை காய்ந்துபோய், பேச்சை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நான் குடித்து முடிப்பதற்குள் எதிரே இருந்த பெண் அவள் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் என் வித்தை. நமக்கு வாயில் தண்ணீர் இருக்கிற நேரத்தில்தான் அவர்களுக்குப் பேச இடம் கிடைக்கிறது.

பாட்டிலை எடுத்தேன். மெதுவாகக் குடித்தேன். வித்யா பிளாஸ்டிக் கர்ப்பப்பையைப் பார்த்தாள், அதன் பொட்டைப் பார்த்தாள், சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தாள். பிறகு படபடவென்று வந்தது:

"நின்னுட்டா எனக்கு மாடி ரூம் போயிடுமேக்கா!"

எனக்குப் புரையேறிவிட்டது.

விஷயம் இதுதான். அவர்கள் வீட்டில் மாதவிலக்கு என்றால் மூன்று நாள் விலகி இருக்க வேண்டும். சமையலறைக்குள் போகக் கூடாது, சுவாமி ரூம் பக்கமே வரக் கூடாது. மாடியில் ஒரு ரூம் இருக்கிறது, அங்கே இருந்துகொள்ள வேண்டும்.

"அந்த மூணு நாள் முழிப்பு வந்தாலும் எழுந்துக்க மாட்டேன்க்கா. தட்டு மேல வரும். அவரே கொண்டு வருவார். மத்த நாள்லாம் 'வித்யா, காபி', 'அம்மா, சாக்ஸ்', 'வித்யா, என் மூக்குக் கண்ணாடி எங்கே'ன்னு ஆத்துல ஏலம் போடற மாதிரி கூப்பிடுவா. அந்த மூணு நாள் கூப்பிட முடியாது. வித்யாதான் ஆத்துக் கணக்குலயே இல்லையே! போன்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா சினிமா பாப்பேன். தூங்குவேன். மறுபடி எழுந்து தூங்குவேன். ஜன்னல்ல கோபுரம் தெரியும். அங்கேருந்தே அம்பாளைப் பாத்து ஒரு கும்பிடு. அப்புறம் அம்பாள் பாட்டுக்கு அவ இருப்பா, நான் பாட்டுக்கு நான் இருப்பேன்."

சொல்லும்போது அந்த வெளுத்த முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காப்பர் டி போட்டா ஜாஸ்தியாகும்னு சொன்னாளே... மூணு நாள் அஞ்சு நாளாகும்னா தேவலைன்னு பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். நான் மேஜை மேல் கவிழ்ந்துவிட்டேன். அவளும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கதவு திறந்தது. எங்கள் சிஸ்டர் தலையை நீட்டினாள். காசிமேட்டுப் பெண், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாக்கா, உள்ள ஆலோசனை நடக்குதா, கச்சேரி நடக்குதா? வெளிய எல்லாம் எங்களுக்கும் அந்த லூப்பே போடுங்கன்னு கேட்டுக்கினு கீறாங்க!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, மேஜை மேல் இருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். அந்த நகங்கள். என் சிரிப்பு அங்கேயே நின்றது. மூன்று நாள் ஓய்வுக்காக இந்தப் பெண் தன் ரத்தத்தை வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் அதிகமாகக் கொடுக்கவும் தயாராக இருக்கிறாள்.

தங்கச்சிகளா, இந்த இடத்தில்தான் நம் வாய் நீளும். "இந்தக் காலத்தில் இதெல்லாமா?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நானும் அந்த நாட்களில் கோயில் வாசலை மிதிக்காமல் இருந்தவள்தான். அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல அந்த நாற்காலியில் நம்மை உட்கார வைக்கவில்லை. அவள் சொன்ன காரணம் வேடிக்கையாக இருந்தது, ஆனால் அது நிஜமான காரணம். எடை, முடி, உள்ளே தங்கும் ரத்தம் எல்லாவற்றையும்விட நிஜம்.

நான் கேட்டேன்: "மாடிக்குப் போற நாளை வீட்டுல யாரு கணக்கு வைக்கிறாங்க?"

"யாரும் இல்லை. நான் போய் அம்மா கிட்ட சொல்லுவேன்." அம்மா என்றது மாமியாரை. "உடனே அவா அடுப்புப் பக்கம் வந்துடுவா. நான் மேல போயிடுவேன்."

எனக்கு என்ன தோன்றியது என்று உங்களுக்கே தெரியும். அவளுக்கும் அதே நொடியில் தோன்றிவிட்டது. கையை உதறினாள்.

"ஐயோ, பொய்யாக்கா? சுவாமி விஷயத்துலயா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றேன். நிஜமாகவே சொல்லவில்லை. ஒரு வீட்டுப் பெண்ணைப் பார்த்து, வராமலே வந்ததாகப் போய்ப் பொய் சொல் என்று நாம் சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்றைச் சொன்னேன். ஹார்மோன் லூப் போட்டதும் நாளைக்கே நின்றுவிடாது. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக, நாள் கிழமை பார்க்காமல் அப்பப்போ வரலாம். எல்லாருக்கும் நிற்கும் என்றும் இல்லை.

அவள் கண் பெரிதாகியது. "நாள் கிழமை பாக்காமன்னா... எப்ப வேணும்னாலும் மாடிக்குப் போகலாமா?"

"உங்க வீட்டுல சொட்டு வந்தாலும் கணக்கா?"

"ஒரு துளின்னாலும் கணக்குதான்!" என்று சந்தோஷமாகச் சொன்னவள், அடுத்த நிமிஷமே வாடிப்போனாள். "ஆனா நான் மேல போனா அம்மாதானே கீழ சமைக்கணும். அவாளுக்கு முழங்கால் வலி. மூணு நாளைக்கே சுவத்தைப் பிடிச்சுண்டு நிக்கறா. நவராத்திரி வேற வரது. கொலு வெச்சு, சுண்டல் பண்ணி, ஊரையெல்லாம் கூப்பிட்டுட்டு நான் மாடில ஒக்காந்துண்டா அவா என்ன பண்ணுவா?"

காப்பர் டி போட்டால் மாடி ரூம் நிச்சயம், ஆனால் இருக்கிற ரத்தமும் போகும். ஹார்மோன் லூப் போட்டால் உடம்பு தேறும், ஆனால் முதலில் மாமியாரின் முழங்கால் போகும், பிறகு மாடி ரூமே போகும். டாக்டரம்மாவின் பாடப் புத்தகத்தில் இந்தப் பக்கம் கிடையாது. அவரிடம் பொதுவாக, "யோசிக்க நேரம் வேணுமாம் டாக்டர், வீட்டு விஷயம்" என்று மட்டும் சொன்னேன். அவரும் மேலே கேட்கவில்லை. அவசரப்படுத்தாமல் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் முண்டகக்கண்ணி கோயிலில் நின்று, "தாயே, நீயும் அந்த ஓலைப் பந்தலைவிட்டு எங்கேயும் போக முடியாமத்தான் உக்காந்திருக்கே. ஒரு வழி காட்டு" என்று கேட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். அவள் வழி காட்டவில்லை. மாமியாரையே அனுப்பி வைத்துவிட்டாள்!

வித்யாவோடு வந்திருந்தார் மாமி. நல்ல உயரம், வைர மூக்குத்தி, முழங்காலில் பட்டை. உட்காருவதற்கு முன்பே மருமகளைப் பார்த்து, "நீ போய் டாக்டர்கிட்ட பிரஷர் பாத்துக்கோ. நான் இவகிட்ட பேசணும்" என்று வெளியே அனுப்பினார். வித்யா போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தூக்குக் கயிற்றுக்குப் போகிறவள் வக்கீலைப் பார்க்கிற பார்வை.

கதவு மூடிக்கொண்டது.

"நீதானே அந்த லூப் பத்திப் பேசறவ?"

"ஆமாம் மாமி."

"அதுல ஒண்ணைப் போட்டா மாசாமாசம் வரது நின்னுடுமாமே?"

"சிலருக்கு நிக்கும் மாமி. சிலருக்குக் குறையும். மொதல் சில மாசம் அப்பப்போ சொட்டுச் சொட்டா வரும். யாருக்கு எப்படின்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

"அதான் நல்லதுன்னு டாக்டர் சொல்றாளாம். இவ வேண்டாங்கறா. ஏன்னு கேட்டா சுவத்தைப் பாக்கறா. உன்கிட்ட என்ன சொன்னா?"

வெள்ளிக்கிழமை, நெற்றியில் கோயில் குங்குமம், வாயில் பொய் வராது. உண்மையைச் சொன்னாலோ அந்தப் பெண்ணின் மாடிக்குப் பூட்டு விழுந்துவிடும்.

"மாமி, அவ சொன்னதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதையும் அவகிட்ட சொல்ல மாட்டேன். இந்த ரூமோட சட்டம் அது."

மாமியின் மூக்குத்தி என்னை முறைத்தது. நான் பாட்டிலை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது?

"நான் சொல்றதை அவகிட்ட சொல்ல மாட்டியோ?"

தலையை ஆட்டினேன்.

"சத்தியமா?"

"அம்மன் மேல சத்தியம்."

மாமி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவை ஒரு தரம் பார்த்தார். ரகசியக் குரலில் ஆரம்பித்தார்.

"எங்காத்துல மாடில ஒரு ரூம் இருக்கு..."

எனக்கு இரண்டாவது தடவை புரையேறியது.

"என்னாச்சு உனக்கு? குடிக்கறச்சே ஜாக்கிரதையா குடி. கேளு. அந்த ரூம் என்னோடது. கல்யாணம் ஆன நாள்லேருந்து மாசம் மூணு நாள் அங்கதான். தரைல படுத்துண்டு ரேடியோ கேப்பேன். ஒருத்தர் கூப்பிட முடியாது. எனக்கு அது நின்னு போச்சு. நின்னுதுன்னு யார்கிட்டயும் சொல்லலை. அப்புறமும் ரெண்டு வருஷம் மாசாமாசம் போயிண்டுதான் இருந்தேன்!"

"மாமி!"

"என்ன மாமி? சுவாமிக்கு எல்லாம் தெரியும். தெரியாதது எங்காத்து மாமாவுக்கு மட்டுந்தான்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் பையனுக்குக் கல்யாணம் ஆச்சு. இவ வந்தா. ஒரே ரூம். சின்னவ, புது எடம், அவளுக்கும் மூச்சு விட ஒரு எடம் வேணாமா? எனக்கு இனிமே இல்லைன்னு ஆத்துல சொல்லிட்டு விட்டுக் குடுத்துட்டேன். இப்ப அந்த லூப்பைப் போட்டா அவளுக்கு ரூம் போயிடுமேன்னு எனக்குக் கவலை. போடாட்டா, வரவர காகிதம் மாதிரி ஆயிண்டிருக்கா, அதுவும் கவலை. நீ நல்லதைப் போடச் சொல்லு. ரூமை நான் பாத்துக்கறேன். ஆனா இதை எப்படி அவகிட்ட சொல்றது? ரெண்டு வருஷம் நான் சுவாமி ரூமை ஏமாத்தினேன்னு மாட்டுப்பொண்கிட்ட சொல்ல முடியுமா? எனக்கும் மரியாதை வேணாமா?"

நிலைமையைப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே ரூமைத்தான் என்னிடம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ரகசியத்தையும் வெளியே விட மாட்டேன் என்று மாமியிடம் சொல்லியாயிற்று, அதில் ஒன்றுக்கு அம்மன் மேல் சத்தியம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்லக் கூடாது. "ஒரு நிமிஷம் மாமி" என்று எழுந்து பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு முகத்தைக் கழுவி, குங்குமத்தைச் சரி செய்து, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன். பெரிய பாட்டில்.

வித்யாவையும் உள்ளே கூப்பிட்டேன். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன்.

"டாக்டரம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. எனக்குத் தெரிஞ்சதை நானும் சொல்லியாச்சு. மிச்சம் உங்க வீட்டு விஷயம். அதுக்கு என்கிட்ட பேச்சு இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தேன்.

மாமி கூரையைப் பார்த்தார். வித்யா தன் கால் விரலைப் பார்த்தாள். நான் குடித்தேன். வெளியே மெட்ரோ மெஷின் கடகடவென்று தோண்டியது. நான் குடித்தேன். சிஸ்டர் கதவைத் திறந்து, "அக்கா, இன்னா ஒட்டகம் மாதிரி..." என்று ஆரம்பித்து, என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். பாட்டில் பாதி ஆயிற்று. என் வயிறு குடம் மாதிரி ஆயிற்று. தாயே, யாராவது ஒருத்தி வாயைத் திறக்கட்டும், இல்லாவிட்டால் நான் வெடித்துவிடுவேன் என்று வேண்டிக்கொண்டே குடித்தேன்.

"அம்மா..." என்றாள் வித்யா.

"ஏண்டி..." என்றார் மாமி. இரண்டும் ஒன்றாக வந்தது.

"நீங்க சொல்லுங்கோ."

"நீ சொல்லு."

"கோச்சுக்க மாட்டேளே? எனக்கு... அந்த மாடி ரூம் வேணும்மா."

மாமி அவளையே பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமி கையை நீட்டி அவள் கன்னத்தைப் பிடித்து ஆட்டினார்.

"அசடே! இதைச் சொல்லவா இத்தனை நாள் சுவத்தைப் பாத்தே? எனக்கு மட்டும் வேண்டாமா இருந்தது?" பிறகு தன் கதையையும் சொன்னார். ரேடியோ, தரை, அந்த இரண்டு வருஷம், எல்லாம்.

"ரெண்டு வருஷமா!" என்று வித்யா வாயைப் பிளந்தாள். "நான்தான் பாவம் பண்றேன்னு நினைச்சுண்டிருந்தேனே! நினைச்சதுக்கே ராத்திரி அம்பாள் படத்தைப் பாக்கலை."

"ஓய்வு கேக்கறவளை எந்தத் தாயாவது கோச்சுப்பாளோடி?"

பிறகு அந்த அறையில் நடந்ததை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. மாமி சிரித்த சிரிப்பில் முழங்கால் பட்டை அவிழ்ந்துவிட்டது. வித்யா அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. டாக்டரம்மா என்னவோ ஏதோவென்று ஓடி வந்து நின்றார். அவரை உள்ளே தள்ளி, "இனிமே நீங்க பேசுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு நான் பாத்ரூமுக்கு ஓடினேன். இந்த முறை சிரிக்க இல்லை!

திரும்பி வந்தபோது மாமி ஒரு மந்திரிசபையையே நடத்திக்கொண்டிருந்தார். நவராத்திரி முடியட்டும், விஜயதசமிக்கு அப்புறம் ஹார்மோன் லூப். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக வருவது மருந்தால் வருவது, அது ஆத்துக் கணக்கில் சேராது. "இதை மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். டாக்டர் சொன்னான்னா அவர் வாயைத் திறக்க மாட்டார்." மாதம் மூன்று நாள் மாடி, வந்தாலும் வராவிட்டாலும். அந்த மூன்று நாளும் தெருமுனை மெஸ்ஸிலிருந்து கேரியர் வரும். "என் முழங்காலும் மனுஷ முழங்கால்தானே?"

டாக்டரம்மா வித்யாவிடம் தனியாக இன்னொரு முறை கேட்டார். "அத்தை சொல்றாங்கன்னு இல்லாம, நீ சொல்லும்மா. உனக்கு எது வேணும்?"

"ஹார்மோன் லூப் டாக்டர்" என்றாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். அதைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள் தங்கச்சிகளா. மாமியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கடைசி வார்த்தை யாருடைய வயிறோ அவளுடையதாக இருக்க வேண்டும்.

விஜயதசமி கழிந்து லூப் போட்டார்கள். முதல் சில மாதம் சொட்டுத் தொந்தரவு இருக்கத்தான் இருந்தது. ஒரு தடவை போன் செய்து, "எடுத்துடலாமான்னு இருக்குக்கா" என்றாள். வரச் சொல்லி டாக்டரம்மா பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன் என்று அவளே சொன்னாள். எல்லாருக்கும் இப்படி நன்றாகவே போகும் என்று நான் சொல்லவில்லை. பழைய காப்பர் டிதான் எனக்குச் சௌகரியம் என்று நிம்மதியாக இருக்கிற பெண்கள் எத்தனையோ பேரை அதே நாற்காலியில் பார்த்திருக்கிறேன். இவளுக்கு இது பிடித்துக்கொண்டது.

நான் ஓய்வு பெறுகிற மாதத்தில் செக்கப்புக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் முதலில் நகத்தைத்தான் பார்த்தேன். ரோஜா இதழ் மாதிரி இருந்தது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"மாடி ரூம் எப்படிம்மா இருக்கு?"

"அதை ஏன் கேக்கறேள்! ரூம் எனக்குக் கிடைச்சுது, ஆனா தனியா கிடைக்கலை. அம்மா, 'அவளுக்குத் தட்டு குடுத்துட்டு வரேன்'னு சுவத்தைப் பிடிச்சுண்டு மெதுவா மாடி ஏறுவா. ஏறினா இறங்கறதே இல்லை. 'மறுபடி இறங்க முழங்கால் ஒத்துழைக்கலைடி'ன்னு என் பாய்லயே படுத்துண்டுடுவா. ரெண்டு பேரும் சேர்ந்து சினிமா பாக்கறோம். கீழேருந்து மாமனார், 'காபி'ன்னு ஒரு குரல் குடுப்பார். நான் அம்மாவைப் பாப்பேன், அம்மா என்னைப் பாப்பா. ரெண்டு பேரும் மூச்சு விட மாட்டோம்."

"அப்புறம்?"

"போன மாசம் ஒரு நாள் ரெண்டு தடவை கூப்பிட்டார். அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு மாடிப்படி அடியிலேருந்து டம்ளர் வைக்கற சத்தம். ரெண்டு டம்ளர்க்கா! நுரை பொங்க ஃபில்டர் காபி! 'ஆறறதுக்குள்ள எடுத்துக்கோங்கோ'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்." வித்யா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அம்மா ஒரு வாய் குடிச்சா. குடிச்சுட்டு, 'அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷமா இவருக்குக் காபி போடத் தெரியுமா'ன்னு மாடியே அதிரக் கத்தினா. கீழேருந்து அவர் சிரிக்கற சத்தம் கேட்டுது."

நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவளும் சிரித்தாள், சிஸ்டர் கதவைத் திறந்து, "மறுபடியுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் சொல்லலாமா என்று வித்யாவிடம் கேட்டேன். "எல்லார்கிட்டயும் சொல்லுங்கோ. பேரை மட்டும் போடாதேள்னு அம்மா சொல்லச் சொன்னா" என்றாள்.

ஆகவே போடவில்லை. மேஜை டிராயரில் என் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பைக்கு வருஷா வருஷம் பொட்டு வைக்க மறக்காதீர்கள்.

உங்கள் செல்வி அக்கா